தக்காளியின் ருசி எங்கே போனது? ஒரு விதையின் வரலாறு



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள் சிலர் நின்றுகொண்டிருந்தோம். சந்தைக்குப் போய் வந்த ஹாஜியார் ஒருவர் பையைத் திறந்து தக்காளியைக் காட்டினார். நல்ல சிவப்பு. எல்லாம் ஒரே அளவு. ஒரு கீறல் இல்லை. "பார்க்க மட்டும்தான் தம்பி. ஆணத்தில போட்டா புளிப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. எங்கட சின்ன வயசுத் தக்காளி இப்ப இல்ல" என்றார்.

பக்கத்தில் நின்ற, மரக்கறித் தோட்டம் செய்யும் நானா விடவில்லை. "ருசியான இனத்தப் போட்டா ரெண்டு கிழம மழைக்குக் கருகிப் போகுது ஹாஜியார். மருந்தடிக்காம ஒரு பழம் எடுக்க ஏலாது." மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, "மருந்து இல்லாம, பசளை இல்லாம செய்யிறத 2021இல பாத்தம்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதில் நின்றது. ருசி ஒரு பிரச்சினை, நோய் இன்னொரு பிரச்சினை, சேதன விவசாயம் மூன்றாவது பிரச்சினை என்றுதான் நாம் பேசுகிறோம். தக்காளியின் வரலாற்றைப் படித்தால் இவை மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பது தெரியும். அதனை நமக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம். சற்று நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

*மலைச் சரிவில் ஒரு களை*

தக்காளி நமது நாட்டுப் பயிர் அல்ல. இந்தியாவுடையதும் அல்ல, இத்தாலியுடையதும் அல்ல. தென் அமெரிக்காவில் இன்றைய பெரு, எக்குவடோர் நாடுகள் இருக்கும் பகுதியில் அது காட்டுச் செடியாக வளர்ந்தது. பழம் ஒரு பட்டாணி அளவு. அங்கிருந்து வடக்கே பரவி, மெக்சிக்கோவில்தான் மனிதரின் கையில் அது பெரிய பழமாக மாறியது. 'தக்காளி' என்பது நாம் வைத்த பெயர். 'டொமேட்டோ' என்ற சொல் மெக்சிக்கோ மக்களின் நாஹுவாட்டில் மொழியின் 'டொமாட்டில்' என்ற சொல்லில் இருந்து வந்தது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தனது நூலில் இந்தப் பழத்தைப் பற்றி எழுதினார். வெகுகாலம் பலர் அதை நஞ்சு என்று பயந்தார்கள். நஞ்சுள்ள சில செடிகளும் தக்காளியும் ஒரே குடும்பம் என்பதால் அந்தப் பயம். கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவையும் அதே குடும்பம்தான். தக்காளிக்கு வரும் நோயும் உருளைக்கிழங்குக்கு வரும் நோயும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பதற்கு இந்த உறவுதான் காரணம். அதைப் பின்னர் பார்ப்போம்.

அந்தக் காலத்துத் தக்காளி பெரும்பாலும் உருண்டையானது அல்ல. மடிப்பு மடிப்பாக, கொறக்காப் பழம் போல இருந்தது. நமது ஊரில் வயதானவர்கள் 'கொறக்காத் தக்காளி' என்று சொல்வார்களே, அந்த வடிவம்.

*பழத்தைப் பார்த்தவர் செடியைப் பார்த்தபோது*

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் என்று ஒரு விதை வியாபாரி இருந்தார். மடிப்பில்லாத, உருண்டையான, எல்லாம் ஒரே மாதிரியான தக்காளி வேண்டும் என்பது அவரது விருப்பம். தோட்டத்தில் மிக அழகான பழங்களைத் தெரிந்தெடுத்து அவற்றின் விதையை ஒவ்வொரு வருடமும் போட்டார். பல வருடங்கள் போயின. ஒரு மாற்றமும் இல்லை. அழகான பழத்தின் விதையிலிருந்து மறுபடியும் மடிப்புப் பழமே வந்தது.

ஒருநாள் தோட்டத்தில் ஒரு தனிச் செடியைக் கண்டார். அதில் இருந்த பழங்கள் சின்னவை. ஆனால் அத்தனையும் உருண்டை, அத்தனையும் ஒரே மாதிரி. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை காலமும் தான் பார்த்தது பழத்தை. பார்த்திருக்க வேண்டியது செடியை. ஒரு செடியில் நல்ல பழம் ஒன்று தற்செயலாக வரலாம். எல்லாப் பழமும் நன்றாக இருக்கும் செடியில்தான் அந்தக் குணம் பரம்பரையாக இருக்கிறது. அந்தச் செடியின் விதையைத் தொடர்ந்து தெரிவுசெய்து 1870இல் 'பராகன்' என்ற வர்க்கத்தை வெளியிட்டார். இன்று சந்தையில் காணும் உருண்டைத் தக்காளியின் கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதிலே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விதை, நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தரும். லிவிங்ஸ்டன் உருண்டை வடிவத்தைக் கேட்டார், கிடைத்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதில்தான் ஹாஜியாரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

*ருசி போன வழி*

முதலாவது, நிறத்தைக் கேட்டார்கள். பழைய தக்காளி பழுக்கும்போது காம்பைச் சுற்றித் தோள் பகுதி கொஞ்ச நேரம் கரும்பச்சையாக நிற்கும். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பழம் எப்போது பழுத்தது என்று பறிப்பவருக்கும் குழப்பம். கடந்த நூற்றாண்டில், முழுப் பழமும் ஒரே மாதிரி வெளிர்பச்சையாக இருந்து ஒரே மாதிரி சிவக்கும் செடிகள் கிடைத்தன. விதை உற்பத்தியாளர்கள் அதை விரும்பிப் பெரும்பாலான வர்க்கங்களில் சேர்த்தார்கள்.

2012இல் 'சயன்ஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் கரும்பச்சைத் தோள் வீணான ஒன்றல்ல என்று அது காட்டியது. பச்சையம் நிறைந்த அந்தப் பகுதியும் வெயிலைப் பிடித்துச் சீனி தயாரிக்கிறது. ஒரே மாதிரி சிவக்கும் பழங்களில், அந்தப் பச்சையை உண்டாக்கும் பரம்பரையலகு உடைந்துபோயிருக்கிறது. கண்ணுக்கு அழகாக வேண்டும் என்று கேட்டபோது, கூடவே சீனியில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது தெரியாமலே கொடுத்தார்கள்.

இரண்டாவது, உறுதியைக் கேட்டார்கள். கலிபோர்னியாவில் தகரத்தில் அடைக்கும் தக்காளியை மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலியாட்கள் பறித்தார்கள். அவர்களை அழைத்துவரும் திட்டம் 1964 இறுதியில் முடிந்தது. அதற்கு முன்பே டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்பவர் இயந்திரம் பறிக்கக்கூடிய தக்காளியையும், கோபி லோரன்சன் என்பவர் அதைப் பறிக்கும் இயந்திரத்தையும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் பழுக்க வேண்டும், இயந்திரத்தில் விழுந்தாலும் நசுங்கக் கூடாது. இதுதான் தேவை. 1960கள் முடியும்போது அந்த மாநிலத்தின் தகரத் தக்காளியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இயந்திரம்தான் பறித்தது.

மூன்றாவது, நாட்களைக் கேட்டார்கள். பழுக்கும் வேகத்தைக் குறைக்கும் ஒரு பரம்பரையலகு மாற்றம் 1960களில் அடையாளம் காணப்பட்டது. அதைக் கலந்த வர்க்கங்கள் கடையில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். தூர இடத்துக்கு அனுப்பும் பழங்களைக் காயாகவே பறித்து, எதிலீன் வாயுவில் வைத்துச் சிவக்க வைக்கும் வழக்கமும் வந்தது. செடியில் நின்று பழுத்தால் பழத்துக்கு வரவேண்டிய சீனியும் வாசனையும் அப்படிப் பறித்த காயில் முழுதாக வருவதில்லை.

2017இல் அதே ஆய்விதழில் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. புளோரிடாவின் ஹெரி கிளீயும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 398 வகைத் தக்காளிகளின் பரம்பரைத் தகவலை ஆராய்ந்தார்கள். அவற்றில் பலவற்றை மக்களுக்குக் கொடுத்து ருசி பார்க்கவும் வைத்தார்கள். மக்களுக்குப் பிடித்த ருசியைத் தரும் வாசனைச் சேர்மங்கள் பல, இன்றைய வர்த்தக வர்க்கங்களில் பழைய வர்க்கங்களைவிடக் குறைந்துபோயிருந்தன. தக்காளியின் ருசி சீனியும் புளிப்பும் மட்டும் அல்ல. மூக்குக்குப் போகும் அந்த வாசனைதான் 'தக்காளி' என்று நமக்குச் சொல்கிறது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்கான காசு. ருசிக்கென்று பெரும்பாலும் சந்தையில் தனி விலை இல்லை. யாரும் ருசியை வெறுத்து ஒதுக்கவில்லை. விதையிடம் அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காதது தலைமுறை தலைமுறையாக மெல்ல மெல்லக் கழன்று போயிற்று.

*காட்டிலிருந்து வந்த இனிப்பு*

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1962 டிசம்பரில் ஹியூ இல்டிஸ், டொன் யூஜென்ட் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பெருவின் மலைப் பகுதியில் காட்டு உருளைக்கிழங்கு தேடிப் போனார்கள். வழியில் களை போல வளர்ந்திருந்த ஒரு தக்காளிச் செடியைக் கண்டார்கள். பழம் மிகச் சிறியது. பழுத்தாலும் சிவக்காத, பச்சையும் வெள்ளையும் கலந்த நிறம். அதைக் கண்டால் நாமென்றால் திரும்பியும் பார்க்க மாட்டோம். அவர்கள் விதையை எடுத்து உலர்த்தி, டேவிஸில் இருந்த தக்காளி அறிஞர் சார்ள்ஸ் ரிக்குக்கு அனுப்பினார்கள்.

ரிக் அதைத் தோட்டத்துத் தக்காளியோடு கலந்து, பிள்ளைச் செடிகளைத் தெரிவுசெய்து, மறுபடி கலந்து, பல வருடங்கள் உழைத்தார். தக்காளியில் 100க்கு 94, 95 பங்கு தண்ணீர். மீதி இருக்கும் 5, 6 பங்கில்தான் சீனியும் புளிப்பும் எல்லாமும். அந்தக் களைச் செடியின் குணம் சேர்ந்தபோது அந்த மீதிப் பங்கு தெளிவாகக் கூடியது. யாரும் ஒரு சதம் கொடுத்து வாங்காத பழத்துக்குள் அல்லாஹ் அந்த இனிப்பை வைத்திருந்தான். அதை அழியாமல் வைத்திருந்தது அந்த மலைச் சரிவு.

*ஐரோப்பாவின் மழையும் கருகலும்*

இனி நானாவின் கேள்விக்கு வருவோம். மழைக்குக் கருகும் நோய். பாடப்புத்தகத்தில் பின் வெளிறல் என்று இருக்கும். நமது மலைநாட்டில் உருளைக்கிழங்கும் தக்காளியும் செய்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மூடுபனியும் தூறலும் நான்கு நாள் நின்றால் இலையில் தண்ணீர் பட்டது போன்ற புள்ளி, பிறகு கருமை, பிறகு காயிலும் பழுப்பு. ஒரு கிழமையில் தோட்டமே எரிந்தது போல நிற்கும்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே கிருமிதான். சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் அதைவிடக் கூடுதலானோர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். இந்தக் கிருமிக்கு இரண்டு பால் வகைகள் உண்டு. வெகுகாலம் ஐரோப்பாவில் ஒரு வகை மட்டும்தான் இருந்தது. 1980களில் இரண்டாவது வகையும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? புதிய புதிய கலப்புகள் பிறக்கும். மண்ணிலே நீண்ட நாள் உயிரோடு கிடக்கக்கூடிய வித்திகளும் உண்டாகும். அதன் பிறகு ஐரோப்பாவில் திறந்த வெளியில் தக்காளி செய்வது மிகவும் கடினமாகிப் போனது. பலரும் பொலித்தீன் கூடாரத்துக்குள்ளும் கண்ணாடி வீட்டுக்குள்ளும் போனார்கள். இலை நனையாவிட்டால் இந்த நோய் பரவாது, அதனால்.

விதை உற்பத்தியாளர்களும் கூடாரத்துக்கு ஏற்ற வர்க்கங்களையே கூடுதலாக உருவாக்கினார்கள். வெயிலும் மழையும் படும் தோட்டத்தில் தக்காளி செய்ய நினைத்தவருக்கு, அதுவும் இரசாயன மருந்து அடிக்காமல் செய்ய நினைத்தவருக்கு, பொருத்தமான விதை குறைவாகவே இருந்தது. சேதன விவசாயிகளுக்குச் செம்புக் கலவை அடிக்க அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019இலிருந்து 7 வருடங்களுக்கு ஒரு ஹெக்டேயருக்கு 28 கிலோ என்று எல்லை வைத்தது.

இங்கேதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்த ஒரு தகவல் வருகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, சேதன உற்பத்தியில் 95 வீதத்துக்கும் மேற்பட்டது, இரசாயனப் பசளையும் மருந்தும் போடும் விவசாயத்துக்காகவே உருவாக்கப்பட்ட வர்க்கங்களை நம்பியிருக்கிறது என்று மதிப்பிட்டது. அதாவது, நீந்தப் பழகாத பிள்ளையைக் குளத்தில் இறக்கிவிட்டு, தண்ணீர் கூடாது என்று சொல்வது போன்ற நிலைமை.

*கோட்டிங்கன் தோட்டம்*

ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேர்ண்ட் ஹோர்னேபேர்க் என்ற பயிர் இனவிருத்தி ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2003இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அதன் பெயரே 'சேதனத் திறந்தவெளித் தக்காளித் திட்டம்' என்ற கருத்தில் அமைந்தது. கூரை இல்லை. பங்கசு நாசினி இல்லை. மழை பெய்தால் பெய்யட்டும், நோய் வந்தால் வரட்டும். அந்த நிலைமையில் எது நிற்கிறது, எதன் பழம் ருசியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பல்கலைக்கழகத்தின் காணியோடு நிற்காமல், சேதன விவசாயிகளின் தோட்டங்களிலும் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

ஏன் மருந்து அடிக்கவில்லை? மருந்து அடித்த தோட்டத்தில் பலமான செடியும் பலவீனமான செடியும் ஒரே மாதிரித்தான் நிற்கும். எது எது என்று தெரியாது. பரீட்சையில் எல்லோருக்கும் விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, யார் கெட்டிக்காரன் என்று தேடுவது போன்றது அது.

பழைய வர்க்கங்கள், புதிய வர்க்கங்கள், காட்டுத் தக்காளிக்கு நெருக்கமான சிறு பழ வகைகள் என்று பலவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். நோயைத் தாங்கி நின்றவற்றில் கணிசமானவை சிறு பழ வகைகள். முற்றாக நோய் வராத செடி என்று தேடவில்லை. அப்படி ஒரே ஒரு பரம்பரையலகை நம்பிய முயற்சிகள் முன்பு தோற்றிருந்தன. கிருமி மாறிக்கொள்ளும், அந்தப் பூட்டு திறந்துவிடும். இவர்கள் தேடியது நோய் வந்தாலும் மெதுவாகப் பரவும் செடியை. மற்றது இரண்டு கிழமையில் கருகும்போது, இது இன்னும் பல கிழமை இலையோடு நின்று பழம் கொடுக்க வேண்டும்.

அடுத்து கலப்பு. சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணி ஞாபகம் இருக்கும். இரண்டு வேறுபட்ட செடிகளைக் கலந்தால் முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி. இரண்டாம் தலைமுறையில்தான் மறைந்திருந்த குணங்கள் எல்லாம் வெளியே வந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். அந்த இரண்டாம் தலைமுறையிலேயே தனித் தனிச் செடியாகப் பார்த்து, நோய் தாங்குவதைத் தெரிவுசெய்ய முடியுமா என்று ஹோர்னேபேர்க்கும் பேராசிரியர் பெக்கரும் ஆராய்ந்தார்கள். முடியும் என்று கண்டு 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். இது சின்ன விடயம் போலத் தெரியலாம். ஆனால் இதன் அர்த்தம், விலை கூடிய ஆய்வுகூடம் இல்லாமலே, கண்ணும் பொறுமையும் உள்ள ஒரு விவசாயி தனது தோட்டத்திலேயே இந்த வேலையைத் தொடங்கலாம் என்பதுதான்.

லிவிங்ஸ்டன் கற்ற பாடமே இங்கும் நடக்கிறது. பழத்தை மட்டும் பார்க்காதே, செடியைப் பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ருசியும் நோய் எதிர்ப்பும் இரண்டு வேறு விடயங்கள் என்று நாம் நினைக்கிறோம். பழத்துக்குச் சீனி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இலையிலிருந்து. இலைதான் பழத்தின் குசினி. இலை கருகிய செடியில் தொங்கும் பழம் சிவக்கலாம், ஆனால் இனிக்காது. அதனால் திறந்த வெளித் தோட்டத்தில் இலையைக் காப்பாற்றும் குணமே ருசியையும் காப்பாற்றும் குணம். அதேபோல, பெரிய பழத்தைக் கேட்டால் அதே அளவு சீனி கூடுதல் தண்ணீரில் கரைந்து போகும். சிறிய பழம் பெரும்பாலும் இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்குத் தோல் வெடிப்பது இன்னொரு தலையிடி. தோலைத் தடிப்பாக்கினால் வெடிக்காது, ஆனால் வாயில் சப்பென்று நிற்கும். இப்படி ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். இத்தனையும் ஒன்றாகப் பார்த்து, கடைசியில் வாயில் போட்டு ருசி பார்த்து, பிறகுதான் விதை எடுக்க வேண்டும்.

கலந்து பெற்ற செடியின் விதை, தாயைப் போலவே பிள்ளையும் வரும் நிலையை அடைய இன்னும் ஐந்தாறு தலைமுறை வேண்டும். வருடத்துக்கு ஒரு போகம் செய்யும் நாட்டில் அது எத்தனை வருடம் என்று கணக்குப் பாருங்கள். அந்த உழைப்பின் பலனாக வந்தவைதான் பிரிமாபெல்லா, பிரிமாவேரா போன்ற சிவப்புச் சிறு தக்காளிகளும், சன்விவா என்ற மஞ்சள் தக்காளியும். எல்லாம் விதை எடுத்து மறுபடி போடக்கூடியவை.

*விதை யாருடையது?*

சன்விவாவுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2017 ஏப்ரலில், அக்ரேகோல் என்ற அமைப்பின் முயற்சியோடு, அந்த விதை ஒரு புதுமாதிரியான உரிமத்தோடு வெளியானது. கணினி மென்பொருளில் 'திறந்த மூலம்' என்று சொல்வார்களே, அதே யோசனை. இந்த விதையை யாரும் போடலாம், பெருக்கலாம், விற்கலாம், வேறொன்றோடு கலந்து புதிய வர்க்கம் உண்டாக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. இதையோ, இதிலிருந்து உண்டாக்கியதையோ, எனக்கு மட்டும் சொந்தம் என்று காப்புரிமை போட்டுப் பூட்டக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இதே நிபந்தனையோடுதான் கொடுக்க வேண்டும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு நமது கிணற்று வக்பு ஞாபகம் வந்தது. அல்லாஹ்வுக்காக விட்ட கிணற்றில் யாரும் அள்ளலாம். யாரும் மூடிபோட்டுப் பூட்ட முடியாது. அந்த ஆய்வாளர்கள் வக்பு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் செய்த காரியம் அதற்கு மிகக் கிட்டியது. நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தை மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்து வளர்ந்தவர்கள் நாம். விதையைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்க வேண்டும்.

*நமக்கு இதில் என்ன?*

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடையில் நடந்ததை எழுதத் தேவையில்லை. விளைச்சல் விழுந்தவர்கள், கடன்பட்டவர்கள் நமது குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அதன் பிறகு 'சேதனம்' என்ற சொல்லைக் கேட்டாலே நமது விவசாயிகளுக்குக் கசக்கிறது. அந்தக் கசப்பு நியாயமானது.

ஆனால் அந்த அனுபவத்திலிருந்து சேதன விவசாயம் பொய் என்ற பாடத்தை எடுத்தால் அது பிழை என்று நினைக்கிறோம். எடுக்க வேண்டிய பாடம் வேறு. கோட்டிங்கனில் ஒரு தக்காளிக்காக 2003இல் தொடங்கியவர்கள் 2017இலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பசளையை நிறுத்துவதில் தொடங்கவில்லை. விதையில் தொடங்கினார்கள். நமக்கு மாதக்கணக்கில் முடிக்கச் சொல்லப்பட்டது, அதுவும் பசளைக்குப் பழகிய விதையை வைத்துக்கொண்டு.

நமது நாட்டிலும் இந்த வேலை தெரியாதவர்கள் இல்லை. தாழ்நிலத்தில் தக்காளியைக் கொல்லும் பக்டீரியா வாடலைத் தாங்கும் வர்க்கங்களைத் தேடி விவசாயத் திணைக்களம் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. திலின, ராஜித, மஹேஷி என்ற பெயர்கள் நமது விவசாயிகளுக்குப் பழக்கமானவை. கன்னொறுவையில் பழைய விதைகளைப் பாதுகாக்கும் நிலையமும் இருக்கிறது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாக்கும் விதை உறங்கும் விதை. வருடா வருடம் நமது மழையிலும் நமது மண்ணிலும் போட்டுத் தெரிவுசெய்யும் விதைதான் நமது மழைக்கும் மண்ணுக்கும் பழகும். ஜேர்மனியின் சன்விவாவை இங்கே கொண்டுவந்தால் நமக்குப் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களின் விதையைவிட அவர்களின் வழிதான் நமக்குப் பயன்.

வீட்டுத் தோட்டம் செய்யும் தாய்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு சிறு யோசனை. இந்தப் போகத்தில் நான்கு ஐந்து வகைத் தக்காளி போடுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையின் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழை வரட்டும். எந்தச் செடி கடைசிவரை இலையோடு நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் வையுங்கள். அடையாளம் கட்டிய செடிகளின் பழத்தை வீட்டார் எல்லோரும் ருசி பாருங்கள். நோயையும் தாங்கி, ருசியும் உள்ள செடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, கடுதாசிப் பையில் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். அடுத்த வருடமும் இதையே செய்யுங்கள். அதற்கடுத்த வருடமும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமது மூத்தம்மாமார் கிணற்றடியிலும் சாம்பல் மேட்டிலும் வளர்த்த கொறக்காத் தக்காளி, தானாக முளைக்கும் சின்னத் தக்காளி எங்காவது ஒரு வீட்டில் இன்னும் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள். பெருவின் மலைச் சரிவில் யாரும் மதிக்காத அந்தக் களையை நினைத்துப் பாருங்கள். நமது கொல்லையில் என்ன நிற்கிறது என்று நமக்கே தெரியாது. ஒரு கைப்பிடி விதை கிடைத்தால் பாடசாலைத் தோட்டத்தில் போட்டுப் பெருக்கி, கேட்கும் எல்லோருக்கும் காசு வாங்காமல் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். வாங்குபவரும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஹாஜியாருக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: ருசி எங்கேயும் ஓடிப்போகவில்லை. நாம் கேட்காததால் நின்றுபோயிருக்கிறது. கேட்கத் தொடங்குவோம்.

அல்லாஹ் நமது மண்ணிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.